ஆளில்லாமல் போன ஊரின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி?

காலியான ஊரைப் பற்றி விசாரித்தால் முதலில் கிடைப்பது கதைதான்: ராஜா பெண் கேட்டான், ஊரே ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டது. தமிழ்நாட்டில் இந்தக் கதை பல ஊர்களுக்கு உண்டு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காலத்தைக் கணிக்க மட்டும் அதை நம்பாதீர்கள்.

அது வருவாய்க் கிராமமா (அரசின் நிலக்கணக்கில் தனிக் கிராமம்), அதற்குள் அடங்கிய குக்கிராமமா என்று முதலில் பாருங்கள். குக்கிராமத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் கணக்கு கிடைக்காது, தாய்க்கிராமத்தோடு சேர்ந்துவிடும். வருவாய்க் கிராமம் என்றால் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளை 1951 முதல் 2011 வரை வரிசையாகப் புரட்டுங்கள். குடியிருப்பு இல்லாத கிராமம் என்று முதலில் வரும் கையேட்டுக்கு முந்தைய பத்தாண்டுக்குள் கடைசிக் குடும்பம் போயிருக்கும். கிராம எண் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறலாம். பரப்பளவை ஒப்பிட்டால் அதே பெயருள்ள வேறு ஊரோடு குழம்பாது.

அடுத்தது வி.ஏ.ஓ. அலுவலகம். புல எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டில் நத்தம் என்றிருக்கும் புல எண்தான் பெரும்பாலும் வீடுகள் இருந்த இடம். பழைய அடங்கல், அதாவது ஆண்டுதோறும் எழுதும் பயிர்க் கணக்கு, கிடைத்தால் அதிர்ஷ்டம். அது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டான பசலிக் கணக்கில் இருக்கும். 590 கூட்டினால் பசலி 1370 என்பது 1960 ஜூலை 1-ல் தொடங்கிய ஆண்டு. நஞ்சையெல்லாம் வருஷா வருஷம் தரிசு என்றிருந்தால் தண்ணீர்ப் பிரச்சினையா என்று பாருங்கள்: ஏரி உடைந்ததா, வரத்துக்கால் தூர்ந்ததா? பயிர் தொடர்ந்து நடந்திருந்தால், ஜனங்கள் நிலத்தை விடவில்லை, வீட்டை மட்டும் ரோட்டோரத்துக்கு மாற்றியிருக்கலாம். இன்னும் பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடுகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும்.

ஆட்களைப் பிடிக்கக் குலதெய்வக் கோயிலைவிட நல்ல இடம் இல்லை. வெளியூரில் இருக்கும் பங்காளிகள் மகா சிவராத்திரிக்கு வந்துவிடுவார்கள். கோயில் வரி வசூலிப்பவரிடம் தலைக்கட்டு நோட்டு, அதாவது வரி தரும் குடும்பங்களின் பட்டியல், இருக்கும். பெயரும் இப்போதைய ஊரும் அதிலேயே கிடைக்கலாம். “எப்ப காலியாச்சு?” என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். “ரேஷன் கார்டை எந்த ஊருக்கு மாத்துனீங்க, அப்ப மூத்த பிள்ளை எத்தனாவது படிச்சான்?” என்று கேளுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தால் ஆண்டு கையில் வந்துவிடும்.

நேரில் பார்க்கக் கோடைதான் வசதி. செடிகொடி காய்ந்து அஸ்திவார வரிசை தெரியும். உரலும் ஆட்டுக்கல்லும் கிடக்கும் இடத்தைப் புலப்படத்தில் (புல எண்ணுக்கான அளவை வரைபடம்) குறியுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும், கம்பால் தட்டித்தான் காலெடுத்து வைக்க வேண்டும். நடுகல் இருந்தால் சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். காலைச் சாய்வெயிலில் படமெடுத்தாலே எழுத்து தெரியும். எதையும் தோண்டக் கூடாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.