நாய்க்குட்டிக்குப் பயம் தெளிய: தறிச் சத்தம் முதல் தப்பட்டை வரை

ஐம்பது நாள் குட்டி ஒன்று தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) வந்து சேர்கிறது. அதுவரை தாய்மடியும் உடன்பிறந்த குட்டிகளின் சூடும்தான் அதற்குத் தெரியும். இங்கே பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடுகிறது, கிணற்று மேட்டில் மோட்டார் உறுமுகிறது, வேலியோரம் மயில் அகவுகிறது, அடுப்படியில் கிரைண்டர் சுற்றுகிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு இது காதில்கூட விழாது. குட்டிக்கு ஒவ்வொன்றும் புதுசு.

குட்டி வந்த அன்றே மாடு கட்டும் கட்டுத்தறி ஓரம் சங்கிலியில் கட்டிவிடுவது நம் பக்கம் பலருக்கும் பழக்கம். "வெளியாளப் பாக்காம வளத்துனாத்தானுங்க காவலுக்கு ஆகும்" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் என்னிடமும் சொன்னார். மாடு கன்று விஷயத்தில் அவர் சொல்வதை நான் தட்டுவதில்லை. இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. அப்படி வளரும் நாய் தபால்காரரைக் கண்டாலும் குரைக்கும், பனையோலை விழுந்தாலும் குரைக்கும், பயத்திலேயே கடிக்கும். எது அன்றாடச் சத்தம், எது புதிய சத்தம் என்று பிரித்தறியத் தெரிந்த நாய்தான் காவலுக்கு உதவும். அதைப் பழக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வயசும் தடுப்பூசியும்

புதியவற்றை நாய்க்குட்டி சுலபமாக ஏற்றுக்கொள்ளும் காலம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் செய்து 1961-ல் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதப் பழக்கமே இல்லாமல் திறந்த திடலில் வளர்ந்த குட்டிகளைப் பிறகு பழக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஆக, ஐம்பது நாளில் வந்த குட்டி என்றால் உங்கள் கையில் இருப்பது ஐந்து முதல் ஏழு வாரம்.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி முடிவதற்கு அதைவிட நாளாகும். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், ஊசி முடியாத குட்டியைத் தெருநாய்கள் கழிக்கும் இடத்தில் இறக்கிவிடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்கக் கூடாது. இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், கூடையில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியின் கால்தான் வெளித் தரையில் படக் கூடாது. கண்ணும் காதும் தாராளமாக வேலை செய்யட்டும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், ஊசி போட்ட நல்ல நாய் இருக்கிற உறவினர் வீட்டு வாசலில் இறக்கிவிடலாம்.

2. குட்டியின் உடம்பைப் படியுங்கள்

வாலைக் கவட்டுக்குள் இடுக்குவதும் நடுங்குவதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே சின்னச் சின்ன அடையாளங்கள் வரும். பசியில்லாதபோது உதட்டை நக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். காதைப் பின்னுக்கு மடிக்கும், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்கும், கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்க்கும்.

எல்லாவற்றிலும் நம்பகமான அளவுகோல் தீனிதான். வேகவைத்த கோழிக்கறியைத் துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் கிடந்த கறி வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. எப்போதும் பாய்ந்து வாங்கும் குட்டி முகத்தைத் திருப்பினால், சத்தத்துக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள்.

3. கிரைண்டரில் தொடங்குங்கள்

வீட்டுக்கு வீடு இருக்கிறது, நிறுத்துவதும் ஓட்டுவதும் நம் கையில் இருக்கிறது. பழக்குவதற்கு இதைவிட நல்ல சத்தம் இல்லை. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடுப்படியில், நீங்கள் குட்டியோடு வாசலில், கதவைச் சாத்திக்கொண்டு.

கிரைண்டர் ஓடத் தொடங்கட்டும். குட்டி காதை நிமிர்த்தும். அந்த நொடியில் கறித்துண்டு ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பத்து நொடியில் கிரைண்டர் நின்றதும் தீனியும் நிற்க வேண்டும். இப்படி ஐந்தாறு முறை செய்தால் அன்றைக்குப் போதும்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். சத்தம் முன்னால், தீனி பின்னால். தீனியை முதலில் நீட்டிவிட்டுச் சத்தத்தைக் கிளப்பினால், கறி வந்தால் பூதம் வரும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். அப்புறம் கறியைக் கண்டாலே ஒதுங்கும். சத்தம் கேட்டதும் பயமில்லாமல் உங்கள் கையைப் பார்க்கிறதா? மறுநாள் கதவைத் திறந்து வையுங்கள். அதற்கடுத்த நாள் அடுப்படி வாசற்படிக்கு வாருங்கள்.

கிரைண்டருக்கு நடுவே தரையையும் பழக்கலாம். சாக்கு, வைக்கோல், தென்னை மட்டை, ஆடும் பலகை, தகரத் துண்டு எல்லாவற்றையும் வாசலில் போட்டுத் தீனியைத் தூவிவிடுங்கள். தானாக ஏறட்டும். தூக்கி மேலே வைக்க வேண்டாம்.

4. தறிக் கொட்டகை

விசைத்தறியில் இரண்டு விதமான பயம் இருக்கிறது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்; தூரத்திலிருந்து மெல்ல நெருங்கினால் இது சீக்கிரம் பழகிவிடும். இன்னொன்று, கரண்டு போய் அமைதியாகி, திரும்ப வந்ததும் எல்லாத் தறியும் திடீரென்று கிளம்பும் நொடி. ஓடும் தறிக்கு அசையாத குட்டியும் இதற்குத் துள்ளி ஓடும். போதாததற்குத் தரையும் அதிரும்.

அதனால் முதல் நாள் இருநூறு அடி தள்ளி, குட்டியை மடியில் வைத்து உட்காருங்கள். தீனி வாங்கித் தின்று, சுற்றும் முற்றும் மோப்பம் பிடிக்கத் தொடங்கினால் மறுநாள் இருபது அடி நெருங்கலாம். கொட்டகைக்கு நூறடியில் நிம்மதியாக இருக்கிற நிலை வந்தபின், ஷிப்டு தொடங்கும் நேரமாகப் பார்த்து மறுபடி இருநூறு அடிக்குத் திரும்பிப் போய், தறி கிளம்பும் நொடியைத் தனியாகப் பழக்குங்கள்.

5. தப்பட்டை, பட்டாசு

இதில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் முன்பிருந்த நாயைப் பத்து வாரக் குட்டியில் மாரியம்மன் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) தூக்கிப் போனேன். கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆட்டம், பக்கத்திலேயே தப்பட்டை மேளம். பழகிவிடும் என்று நம்பி, திமிறிய குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பின் அது இருந்த ஒன்பது வருசமும், யாராவது தகரத்தைத் தட்டினால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எட்டாவது, பத்தாவது வாரத்தில் விழும் பயம் ஆழமாகப் பதியும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த நாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது செய்வது இதுதான். நோம்பிக்கு முன்பே போனில் தப்பட்டைப் பதிவை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, கிரைண்டருக்குச் சொன்ன அதே முறையில் தீனி கொடுக்கிறேன். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை எட்டும்; மெல்லிய ஒலியையும் நம்மைவிட நன்றாகப் பிடிக்கும். ஆகவே நமக்குக் கேட்டும் கேட்காத அளவே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் நெஞ்சில் அறையும் அதிர்வு போனில் வராது. அதற்குக் கம்பம் நட்டபின் இரவு அடிக்கும்போது, ஊருக்கு வெளியே தோட்டத்திலிருந்து கேட்கிற தூரமே சரி.

தீபாவளியன்று எதையும் பழக்க முயல வேண்டாம். சன்னலைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, கூடவே இருங்கள். பயந்த குட்டியை அணைத்தால் பயம் கூடும் என்பார்கள். அப்படிப் பயம் அதிகமாகாது. அது உங்களிடம் ஓடி வந்தால் தாராளமாக மடியில் இடம் கொடுங்கள்.

6. ஆட்களும் கால்நடைகளும்

தலைப்பாகை, ஹெல்மெட், குடை, மழைக்கோட்டு, முதுகில் மருந்து டப்பா கட்டியவர்: ஒரே ஆள் உடுப்பு மாற்றினாலே குட்டிக்கு வேறு ஆள். வருகிறவர்கள் குனிந்து தலையைத் தொடாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து தீனியைத் தரையில் போடட்டும். குட்டி தானாக வந்து மோந்து பார்க்கும். காங்கேயம் மாட்டின் கொம்பைக் குட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும். ஆடியில் கூடும் அந்தியூர்க் கால்நடைச் சந்தை மாதிரியான கூட்டத்துக்கு ஊசி முடியும் முன் போகவே வேண்டாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தால் குட்டியை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தச் சத்தத்துக்குத் தோட்டத்துக்குள் போதுமான தூரமே கிடையாது.

எவ்வளவு தள்ளி நின்றாலும் நடுக்கம் நிற்கவில்லை, நாள் முழுக்கத் தின்னவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியும் உடம்பு நோவும்கூட இப்படித் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பார்ப்பார்கள்.

நாட்காட்டித் தாளின் பின்புறம் தினமும் மூன்றே விஷயம் குறித்து வையுங்கள்: என்ன சத்தம், எத்தனை அடி, தின்றதா இல்லையா. இப்போதுள்ள எங்கள் குட்டிக்கு வயசு பதினோரு வாரம். நேற்றைய தாளில் இருப்பது: தறி கிளம்பும் சத்தம், 140 அடி, மூன்றாவது துண்டு தின்றது. இன்றைக்கும் 140-லேயே உட்காரப் போகிறோம்.