பகிர்ந்தியங்கும் வணிகச் செயலிகள்: கூறு சார்ந்த மென்பொருளாக்கத்தைக் கற்கும் முறை

வணிகச் செயலியைக் கூறு கூறாகப் பிரித்துப் பல கணினிகளில் இயக்கக் கற்க விரும்புகிறவர்களில் பலர், செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டகங்களில் அடைத்து இயக்கும் டாக்கரிலும், அவற்றைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபர்நெட்டிஸிலும் தொடங்குகிறார்கள். சில நாட்களில் ஐந்து சேவைகள் ஓடத் தொடங்குகின்றன. திரையில் எல்லாம் பச்சையாகவே தெரிகிறது. ஆனால் ஒரு சேவையில் ஒரு புலத்தின் பெயரை மாற்றியதும் மற்ற நான்கும் சேர்ந்து விழுகின்றன. மென்பொருளை எங்கே நிறுத்துவது என்று கற்றவர்கள், அதை எங்கே வெட்டுவது என்று கற்கவில்லை என்பதே காரணம். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசையை: முதலில் ஒரே புராசஸுக்குள் (இயங்கிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள்) கூறுகளைப் பிரிக்கப் பழகுங்கள், அடுத்து அவற்றுக்கிடையிலான ஒப்பந்தத்தை, அதாவது ஒன்று மற்றொன்றிடம் என்ன கேட்கலாம், என்ன விடை வரும் என்பதை, எழுதப் பழகுங்கள், நெட்வொர்க்கைக் கடைசியில் நடுவே நுழையுங்கள்.

எது கூறு, எது இல்லை

தொழிற்சாலைகள் ஆயத்த உதிரிபாகங்களைக் கொண்டு பொருள் செய்வதைப் போல மென்பொருளையும் செய்ய வேண்டும் என்ற வாதத்தை 1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டில் கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் முன்வைத்தார். அந்த வாதத்திலிருந்து வளர்ந்த கூறு என்ற கருத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. வெளியே இருப்பவருக்கு அதன் இடைமுகம், அதாவது அதை அழைக்கும் வழிகள், மட்டுமே தெரியும். தனக்கு எவையெல்லாம் தேவை என்பதை அது வெளிப்படையாகச் சொல்லும். மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் மாற்றி நிறுவ முடியும். ஒரு கிளாஸ் இந்த மூன்றையும் நிறைவேற்றுவது அரிது. ஒரே தரவுத்தள அட்டவணையில் கைவைக்கும் இரண்டு சேவைகளும் மூன்றாவது அடையாளத்தில் தோற்றுவிடுகின்றன; அவை எத்தனை கன்டெய்னர்களில் ஓடினாலும் ஒரே கூறுதான்.

பழைய தொழில்நுட்பங்களை ஆழமாகப் படிக்கத் தேவையில்லை. அவை ஏன் தடுமாறின என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1991இல் வந்த கோர்பா, 1996இல் வந்த டிகாம், 1998இல் வந்த எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் ஆகிய மூன்றும், தொலைவில் உள்ள பொருளையும் பக்கத்தில் உள்ள பொருளைப் போலவே அழைக்கலாம் என்ற கவர்ச்சியைத் தந்தன. அந்த ஒற்றுமை பொய்யானது என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று சகாக்களும் 1994இலேயே எழுதினார்கள்: தாமதம், தனித்தனி நினைவகம், பாதி மட்டும் செயலிழப்பது, ஒரே நேரத்தில் பலர் இயங்குவது ஆகியவற்றை எந்த இடைமுகமும் மறைத்துவிட முடியாது. எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் 2001இல் வெளியான தன் 2.0 பதிப்பில், பக்கத்தில் உள்ள பொருளை அழைப்பதற்கென்றே உள்ளூர் இடைமுகம் என்று தனியாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய ஜாவா பாடங்களைப் பின்பற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2020இல் வெளியான ஜகார்த்தா இஇ 9 (ஜாவாவின் வணிகச் செயலித் தளம்) முதல் தொகுப்புகளின் பெயர்கள் ‘ஜாவாஎக்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஜகார்த்தா’ என்று தொடங்குவதால், அந்த நிரல்கள் அப்படியே கம்பைல் ஆகாது.

ஒரே புராசஸுக்குள் பிரிக்கப் பழகுதல்

பயிற்சிக்கு ஒரு சிறிய ஆர்டர் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆர்டர், இருப்பு, விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) என்று மூன்று கூறுகள் போதும். நான்காவது ஒன்றைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஜாவாவோ சி ஷார்ப்போ, உங்களுக்குக் கைவந்த மொழியிலேயே எழுதுங்கள், ஏனெனில் மொழியையும் கட்டமைப்பையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் தவறு எங்கே நேர்ந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு கூறுக்கும் தனி புராஜெக்ட் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றின் உள்ளே எட்டிப் பார்ப்பதைக் கம்பைலரே தடுக்க வேண்டும். 2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் வசதியும், சி ஷார்ப்பின் ‘இன்டர்னல்’ என்ற சொல்லும் இதற்கு உதவும். நம்பிக்கையை மட்டும் வைத்துக் காக்கப்படும் எல்லை, அவசர வேலை வரும் முதல் நாளே உடைந்துவிடும்.

எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குக் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972இல் தந்த விடையே இன்றும் சிறந்தது: பின்னர் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வையுங்கள். ஓர் ஆர்டருக்கான சரக்கை எந்தக் கிடங்கிலிருந்து எடுப்பது என்பது அத்தகைய முடிவு. இன்று ஒரே கிடங்கு, நாளை மூன்று, அதற்கடுத்து அருகில் உள்ளது எதுவோ அது என்று விதி மாறிக்கொண்டே போகலாம். ஆகவே ‘கிடங்கு’ என்ற சொல்லே ஆர்டர் கூறின் நிரலில் எங்கும் வரக்கூடாது. வந்தால் வெட்டிய இடம் தவறு.

பிரித்து முடித்ததும், இருப்புக் கூறுக்குப் பதிலாக நினைவகத்தில் மட்டும் இயங்கும் போலி ஒன்றை எழுதி அந்த இடத்தில் பொருத்துங்கள். ஆர்டர் கூறில் ஒரு வரிகூட மாறாமல் எல்லாம் ஓடினால் எல்லை உண்மையானது. என் முதல் முயற்சியில் நிரல் முழுவதும் அழகாகப் பிரிந்திருந்தது. ஆனால் ஒரு மூலையில் இருந்த எஸ்க்யூஎல் வினவல் ஒன்று இரண்டு கூறுகளின் அட்டவணைகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தது. போலியைப் பொருத்திய பிறகே அது கண்ணில் பட்டது.

ஒப்பந்தத்தை எழுதுதல்

கற்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. ‘இருப்பை ஒதுக்கு’ என்ற ஒரே செயலை அருகில் வைத்துப் பார்ப்போம். முதலில் எழுதுகிறவர் பொருளின் எண்ணையும் அளவையும் வாங்கிக்கொண்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று திருப்பித் தருவார். அந்த ‘இல்லை’க்கு என்ன பொருள்? சரக்கு தீர்ந்துவிட்டதா, அந்த எண்ணில் பொருளே இல்லையா, அளவு பூஜ்யமாக வந்ததா, அல்லது தரவுத்தளம் பதில் சொல்லவில்லையா? அழைத்தவர் நான்குக்கும் நான்கு விதமாக நடந்துகொள்ள வேண்டும்: வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும், நிரலைத் திருத்த வேண்டும், உள்ளீட்டை மறுக்க வேண்டும், சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்க வேண்டும். ஒரே சொல்லில் நான்கையும் அடைத்துவிட்டால் அவர் ஊகிக்கத்தான் முடியும்.

திருத்திய ஒப்பந்தம் இப்படி அமையும். அழைப்பவர் தானே உருவாக்கிய ஓர் ஒதுக்கீட்டு எண்ணையும் ஆர்டரின் எல்லா வரிகளையும் ஒரே அழைப்பில் அனுப்புவார். விடை, ‘முழுவதும் ஒதுக்கப்பட்டது, இந்த நேரம் வரை செல்லும்’ என்றோ, ‘இன்னின்ன வரிகளில் இவ்வளவு பற்றாக்குறை, எதுவும் ஒதுக்கப்படவில்லை’ என்றோ இருக்கும். தவறான உள்ளீடும் தற்காலிகக் கோளாறும் விடைகளாக அல்லாமல் தனித்தனிப் பிழைகளாக வரும். முன்நிபந்தனை, பின்நிபந்தனை என்று எழுதும் இந்தப் பழக்கத்தை 1980களில் பெர்ட்ரான்ட் மேயர் தமது ஐஃபெல் மொழியுடன் பரப்பினார். அந்த மொழியைக் கற்காமலே அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு டெஸ்ட் எழுதி, அதே டெஸ்ட்களைப் போலியின் மீதும் உண்மைக் கூறின் மீதும் ஓட்டுங்கள்.

நெட்வொர்க்கை நடுவே நுழைத்தல்

இப்போது இருப்புக் கூறைத் தனிச் சேவையாக்கி, எச்டிடிபி அல்லது ஜிஆர்பிசி போன்ற நெட்வொர்க் அழைப்பு முறை வழியாக அழையுங்கள். முதலில் நேரத்தை அளந்து பாருங்கள். ஒரே புராசஸுக்குள் ஓர் அழைப்பு சில நானோ நொடிகளில் முடியும். ஒரே தரவு மையத்துக்குள் நெட்வொர்க் வழியாகப் போய்வர ஏறத்தாழ அரை மில்லி நொடி, அதாவது 5 லட்சம் நானோ நொடி ஆகும். 40 வரிகள் கொண்ட ஆர்டரில் வரிக்கு 3 அழைப்புகள் என்றால் 120 அழைப்புகள். வேலை எதுவும் நடக்காமலே 60 மில்லி நொடி வழியிலேயே கரைந்துவிடும். எல்லா வரிகளையும் ஒன்றாக அனுப்பும்படி ஒப்பந்தத்தை எழுதியதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

தாமதத்தை விடக் கடினமானது நிச்சயமின்மை. ஆர்டர் சேவை 10 பெட்டிகளை ஒதுக்கச் சொல்கிறது. இருப்புச் சேவை தரவுத்தளத்தில் எழுதிவிடுகிறது. பதில் வழியில் தொலைந்துபோகிறது. 2 நொடி காத்திருந்த ஆர்டர் சேவை டைம்அவுட் ஆகி மீண்டும் கேட்கிறது, 20 பெட்டிகள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. எங்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கிடங்கில் சரக்கை எண்ணும் நாளில்தான் கணக்கு உதைக்கும். டைம்அவுட் என்பது ‘நடக்கவில்லை’ என்ற விடை அல்ல, ‘தெரியவில்லை’ என்ற விடை.

அழைப்பவர் தரும் ஒதுக்கீட்டு எண் இதற்காகவே ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருப்புச் சேவை அந்த எண்ணை, ஒரே எண் இருமுறை பதியாதபடி தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு உள்ள அட்டவணையில் பதிந்து, அதே எண் மீண்டும் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய விடையையே தர வேண்டும். எண்ணைப் பதிவதும் இருப்பைக் குறைப்பதும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரே தரவுத்தள வேலைக்குள், நடக்க வேண்டும். இரண்டாகப் பிரித்தால் நடுவே சர்வர் விழும்போது பழைய சிக்கலே திரும்பும். அதே எண் வேறு உள்ளடக்கத்துடன் வந்தால் மறுத்துவிடுங்கள். இதைப் படித்தால் மட்டும் போதாது: தரவுத்தளத்தில் எழுதிய மறுகணமே, பதில் அனுப்பும் முன், புராசஸை நிறுத்தும் ஒரு வரியை வேண்டுமென்றே நிரலில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மறுமுயற்சிக்கும் அளவு வேண்டும். ஒன்றை ஒன்று அழைக்கும் மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால் அடியில் உள்ள சேவைக்கு 27 அழைப்புகள் போகும்; ஏற்கனவே திணறும் சேவை அதில் மூழ்கிவிடும். ஓர் அடுக்கில் மட்டும் மீண்டும் முயன்று, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் சேருங்கள்.

மூன்று தரவுத்தளங்கள், ஒரே வேலை

ஒரே தரவுத்தளம் இருந்தபோது ஆர்டர், ஒதுக்கீடு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றையும் ஒரு பரிவர்த்தனை கட்டிக் காத்தது. பிரித்த பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருங்கிணைப்பாளர் ஒருவர் முதலில் எல்லோரையும் தயாரா என்று கேட்டு, பிறகு உறுதிசெய்யச் சொல்லும் இருகட்ட உறுதிப்படுத்தல் என்ற வழி உண்டு; ஆனால் எல்லோரும் தயார் என்று சொன்னபின் ஒருங்கிணைப்பாளர் விழுந்தால் மற்றவர்கள் பூட்டுகளைப் பிடித்தபடியே காத்திருக்க நேரும். 1987இல் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் முன்வைத்த சாகா முறையே வணிகச் செயலிகளுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது: ஒவ்வொரு படியும் தனிப் பரிவர்த்தனை, ஒவ்வொன்றுக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ச்செயல். கணக்கர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் தவறான பதிவை அவர்கள் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறார்கள். ஒதுக்கீட்டுக்கு எதிர்ச்செயல் விடுவிப்பு. அனுப்பிவிட்ட விலைப்பட்டியலுக்கு எதிர்ச்செயல் வரவுக் குறிப்பு, நீக்கம் அல்ல.

‘ஆர்டர் உறுதியானது’ என்ற செய்தியை விலைப்பட்டியல் சேவைக்கு அனுப்பும்போது, ஆர்டரை எழுதும் அதே பரிவர்த்தனையில் செய்தியையும் ஓர் அவுட்பாக்ஸ் அட்டவணையில் எழுதி, தனி நிரல் அதை எடுத்து அனுப்பும்படி செய்யுங்கள். ஒரே செய்தி இருமுறை போகக்கூடும். எனவே பெறுகிறவரும் ஆர்டர் எண்ணைச் சரிபார்த்தே பட்டியல் போட வேண்டும். உடனடிப் பதில் தேவைப்படாத இந்த விலைப்பட்டியல் கூறைத்தான் இரண்டாவதாகப் பிரிக்கச் சொல்வேன்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுதல்

கூறைத் தனியாக மாற்றி நிறுவலாம் என்றால், சில நிமிடங்களாவது பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அருகருகே ஓடும் என்று பொருள். புதிய புலத்தைக் கட்டாயமாக்காமல் சேருங்கள். தெரியாத புலம் வந்தால் பிழை காட்டாமல் விட்டுவிடுங்கள். பெயர் மாற்ற வேண்டுமானால் புதிய பெயரைச் சேர்த்து, இரண்டையும் நிரப்பி, எல்லோரும் மாறியபின் பழையதை எடுங்கள். புலங்களை எண்ணால் அடையாளம் காணும் புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவத்தைப் பயன்படுத்தினால், நீக்கிய புலத்தின் எண்ணை வேறொன்றுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். பழைய ஆர்டர் சேவையுடன் புதிய இருப்புச் சேவையையும், பின் புதிய ஆர்டர் சேவையுடன் பழைய இருப்புச் சேவையையும் இணைத்து அதே ஒப்பந்த டெஸ்ட்களை ஓட்டுங்கள்.

கடைசிப் பயிற்சி ஒன்று உண்டு. 10,000 ஆர்டர்களை அனுப்பும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, மூன்று சேவைகளில் ஏதாவதொன்றை அரை நிமிடத்துக்கு ஒருமுறை தாறுமாறாக நிறுத்தி மீண்டும் எழுப்பும் ஸ்கிரிப்டையும் உடன் ஓடவிடுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு மூன்று தரவுத்தளங்களையும் ஒப்பிடுங்கள்: உறுதியான ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் ஒதுக்கீடும் ஒரு விலைப்பட்டியலும் மட்டுமே இருக்க வேண்டும்; ரத்தான ஆர்டர் எதற்கும் சரக்கு முடங்கியிருக்கக் கூடாது. ஓர் ஆர்டர் இடித்தாலும், அதன் எண்ணை மூன்று சேவைகளின் லாக்குகளிலும் (நடந்தவற்றைப் பதியும் கோப்புகளிலும்) தேடி, அது எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டுபிடியுங்கள். அந்த எண் ஏதாவதொரு லாக்கில் இல்லை என்றால், முதலில் அதைப் பதிய வைத்துவிட்டுப் பயிற்சியை மறுபடி தொடங்குங்கள்.