சுறாக்கள் குடியிருக்கும் கடல்வாயில் முதல் முழுக்கு: படகில் வருகிறவர்களுக்கு

"சுறா கடிக்காதா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். படகில் யாரும் அதைக் கேட்கவில்லை. "தண்ணீர் எப்போது திரும்பும்?" என்பதுதான் அங்கே காலை முதல் பேச்சாக இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், முதல் கேள்வி பாதி கரைந்துவிடும்.

இடம்: தென்பசிபிக்கில் உள்ள பிரெஞ்சு பாலினீசியாவின் ஃபகராவா. மார்க்கெசாஸ் தீவுகளிலிருந்து பாய்மரப் படகில் தென்மேற்கே நான்கைந்து நாள் ஓட்டம். வளையமாகக் கிடக்கும் பவளத்தீவு. நடுவில் சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள காயல். தென்முனையில் டெட்டமானு என்ற சிற்றூரை ஒட்டி, காயலையும் வெளிக்கடலையும் இணைக்கும் துமகோஹுவா என்னும் குறுகிய கடல்வாய். அதற்குள் சுமார் 700 சாம்பல் சுறாக்களை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

1. கிளம்புவதற்கு முன்பே சான்றிதழ்

காற்று உருளையை முதுகில் கட்டி முழுகும் ஸ்கூபாவை நடுக்கடலில் கற்க முடியாது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல்நிலைப் பயிற்சியை முடித்துவிடுங்கள். அது 18 மீட்டர் ஆழத்துக்குத்தான் அனுமதி தரும். சுறாக்கூட்டம் பெரும்பாலும் அதற்கும் கீழே நிற்பதால், 30 மீட்டருக்கான அடுத்த நிலையையும் கையோடு முடித்துக்கொள்வது நல்லது. வேகமான நீரோட்டத்தில் சில முழுக்காவது போட்டிருக்க வேண்டும். அமைதியான தண்ணீரில் மட்டும் பழகியவர்கள் இங்கே மூச்சுக்காற்றைக் குடித்துத் தீர்ப்பார்கள்.

2. தண்ணீரைப் படியுங்கள்

நீரோட்டத்தை நம் கரையோர மீனவர்கள் நீவாடு என்பார்களே, அதுதான் இங்கே எஜமான். கடல் ஏறும்போது தெளிந்த வெளிக்கடல் நீர் காயலுக்குள் பாயும். இறங்கும்போது கலங்கிய காயல் நீர் வெளியே பாயும். புதியவர்கள் உள்ளே பாயும் நேரத்தில் மட்டும் இறங்க வேண்டும். அப்போது கை நழுவினாலும் காயலில்தான் போய்ச் சேர்வீர்கள். மற்ற நேரத்தில் நழுவினால் பசிபிக் பெருங்கடல்.

கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை அப்படியே நம்பிவிடாதீர்கள். தெற்கிலிருந்து பெரிய அலை வந்தால் பவளத்திட்டின் மேலாகத் தண்ணீர் காயலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் ஓட்டம் நெடுநேரம் நீளும். உள்ளூர் முழுக்கு வழிகாட்டியைக் கேளுங்கள், அவரோடேயே இறங்குங்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பது மடத்தனம்.

3. படகை நிறுத்துவது

படகு கட்டுவதற்கென்று கடலடியோடு பிணைத்த கட்டுமிதவை காலியாக இருந்தால் அதில் கட்டுங்கள். நங்கூரம்தான் வழி என்றால் மணல் பார்த்துப் போட்டு, சங்கிலியில் இடைவெளிவிட்டு மிதவைகளைக் கட்டுங்கள். சங்கிலி பவளத்தில் சுற்றாமல் மேலே தூக்கி நிற்கும். ஒருவர் கட்டாயம் மேலே, சிறுபடகில் இருக்க வேண்டும்.

4. இறங்குவது

காது விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள். ஜலதோஷம் முழுதாக விடாத நிலையில், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று இறங்கினேன். நான்கு மீட்டரில் இடது காதில் ஊசி இறங்கியது போல வலி. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. அன்று மற்றவர்கள் கீழே போக, நான் சிறுபடகில் உட்கார்ந்து அவர்களுடைய குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு அடைத்திருந்தால் இறங்காதீர்கள்.

மூன்றாம் நாள் போனேன். வழிகாட்டி ஒரு பாறைப் பள்ளத்தைக் காட்டினார். உயிருள்ள பவளத்தைத் தொடாமல், வெறும் பாறையை இரண்டு விரலால் பிடித்து, வயிறு தரையில் படாமல் நின்றேன். எதிரே சுறாக்கள், ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, வரிசைமேல் வரிசையாக. வால் அசைகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் வந்தது மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தின் கடைசிக்குப் போகும். அடுத்தது அந்த இடத்துக்கு வரும். கோயில் வரிசையில்கூட இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

நீந்துவதை நிறுத்தினால் மூச்சு முட்டும் இனம் இது. தரைச்சரிவில் மோதி மேலெழும் ஓட்டத்தில் பருந்தைப்போல மிதந்து ஓய்வெடுக்கின்றன; இதனால் குறைந்தது 10 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வேட்டை இரவில்தான். ஜூன், ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டி ஆயிரக்கணக்கில் கலவாய் மீன்கள் முட்டையிட இங்கே கூடும்போது, அந்த வேட்டைக்குக் குறைவிருக்காது.

ஆகவே பகலில் பாருங்கள், துரத்தாதீர்கள், வழியை மறிக்காதீர்கள். ஒரு சுறா முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தி, உடம்பை முறுக்கி நீந்தினால் அது எச்சரிக்கை. அதன்மேல் கண் வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

5. ஏறுவது

12 லிட்டர் காற்று உருளையில் அழுத்தம் 100 பார் (அழுத்தமானி காட்டும் அலகு) அளவுக்கு வந்ததும் வழிகாட்டிக்குக் கைகாட்டுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாகும். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தஹிதித் தீவில், நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பல முழுக்குப் போட்ட பிறகு விமானம் ஏறுவதாக இருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பிறகு சமையலறைக்கு ஒரு வார்த்தை. பிடித்த மீனைப் படகின் பின்தட்டில் வைத்துக் கழுவிக் குடலைக் கடலில் எறியாதீர்கள். எங்கள் பக்கத்துப் படகில் ஒரு மாலை அப்படிச் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் ஏணியைச் சுற்ற ஆரம்பித்தன. குளிக்க இறங்கத் துண்டோடு நின்றவர் அன்று வாளியில் குளித்தார்.