பதவி மானேஜர், வேலை கவுண்டரில்: ஓ.டி. பணத்தைக் கணக்கிட்டுக் கேட்பது எப்படி

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஜவுளிக்கடைகளில் ‘புளோர் மானேஜர்’ பேட்ஜ் குத்தியவர்தான் துணி மடிப்பார், பில்லும் போடுவார். ஓணம், கிறிஸ்துமஸ் சீசனில் கடை அடைக்கும்வரை நிற்பவரும் அவரே. ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கேட்டால், “மானேஜருக்குக் கிடையாது” என்பார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குப் பொருந்தாது. 4-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பொறுப்பு உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆள் எடுக்கவோ நிறுத்தவோ உங்களால் முடியுமா? லீவு கொடுப்பது நீங்களா, முதலாளியைக் கேட்டுச் சொல்பவரா? கொள்முதலும் தள்ளுபடியும் உங்கள் முடிவா? நீங்களும் பஞ்ச் வைத்து, லேட்டானால் சம்பளம் பிடிக்கப்படுகிறதா? கடைச் சாவி கையில் இருப்பதாலேயே யாரும் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மணிவாரியாக எழுதுங்கள்: பில், ஸ்டாக், கவுண்டர், மேற்பார்வை. பெரும்பகுதி முதல் மூன்றில் போனால் உங்கள் வாதம் வலுவானது.

அடுத்து கணக்கு. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி (9-வது பிரிவு). அதற்கு மேல் செய்வதற்கு இரட்டிப்புச் சம்பளம் (31-வது பிரிவு). மாதம் 15,600 ரூபாய் வாங்குபவரின் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, மணிக்கு 75. ஓ.டி. மணிக்கு 150. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் 26 நாளுக்கு 3,900 ரூபாய். ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தினமும் 10 மணி வீதம் ஆறு நாள் என்றால் 60. அது தனி மீறல், அதையும் மனுவில் எழுதுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: மாத மொத்தத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை நான்கும் தனித்தனியாக வேண்டும். இடைவேளையைக் கழிக்காத கணக்கு விசாரணையில் நிற்காது. ‘மானேஜர் அலவன்ஸ்’ 1,000 ரூபாய் தருவதால் ஓ.டி. தீர்ந்துவிடாது. வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயரளவு மானேஜர் பதவியைக் காட்டி மறுப்பதை ஏற்றுக்கொண்டால் ஓ.டி. மட்டும் போவதில்லை. அதே சட்டம் தரும் வார விடுமுறையும், ஓராண்டு முடித்தவருக்கான 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் சேர்ந்தே போகும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பஞ்ச் பதிவின் படம், முதலாளி வாட்ஸ்அப்பில் இட்ட உத்தரவுகள் ஆகியவற்றின் நகல்களோடு நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்ற தகராறு வந்தால், 51-வது பிரிவின்படி தொழிலாளர் ஆணையர் முடிவு செய்வார். மனுவின் இரண்டாவது பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.