பள்ளிக்கூடத்துல சைக்கிள் ஹெல்மெட் கொண்டு வரப்போறீங்களா? நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணிடாதீங்க

ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் சைக்கிள் குடுக்குது, ரொம்ப நல்ல விஷயம், ஆனா தலைக்கு என்னன்னு யாரும் யோசிக்கிறதில்ல. மோட்டார் வாகனச் சட்டத்துல ஹெல்மெட் பத்தி சொல்ற 129வது பிரிவு பைக்குக்குதான், சைக்கிளுக்கு கிடையாது. அதனால பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தாதான் உண்டு. எங்க ஊர்ல எடுத்தோம், முதல் தடவ சொதப்பிடுச்சு.

பெரிய தப்பு, ஹெல்மெட் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கண்டிஷன் போட்டது. "திங்கக்கிழமைல இருந்து ஹெல்மெட் இல்லாம வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டோம்"னு பிரேயர்ல சொல்லிட்டோம். அந்த வாரமே ஸ்டாண்டுல சைக்கிள் குறைஞ்சு போச்சு, சில பிள்ளைங்க டீக்கடை ஓரமா சைக்கிளை போட்டுட்டு நடந்து வந்துச்சுங்க, தூரத்துல இருந்து வர்ற ரெண்டு பொண்ணுங்க லீவே போட்டுடுச்சுங்க. இது எங்க ஊர் கதை மட்டும் இல்ல. உலகத்துலயே முதல்ல, 1990 ஜூலைல, சைக்கிளுக்கு ஹெல்மெட்டை கட்டாயமாக்குன ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துலயும் டீனேஜ் பசங்க சைக்கிள் ஓட்டுறது நல்லாவே குறைஞ்சுது. அமெரிக்காவுல சியாட்டில் இருக்குற கிங் கவுண்டில ஹெல்மெட் போடாததுக்கான அபராதம் வீடில்லாதவங்க மேலயும் கறுப்பின மக்கள் மேலயும்தான் அதிகமா விழுதுன்னு தெரிஞ்சு 2022ல அந்த விதியையே எடுத்துட்டாங்க.

ஜப்பான்ல எஹிமேங்கிற மாகாணத்தை பாருங்க. 2015லயே அரசு உயர்நிலைப்பள்ளி பிள்ளைங்க ஹெல்மெட் போட்டுதான் சைக்கிள்ல வரணும்னு கொண்டு வந்தாங்க, ஹெல்மெட்டையும் அவங்களே குடுத்தாங்க. 2023 ஏப்ரல்ல நாடு முழுக்க எல்லா வயசுக்காரங்களும் போட முயற்சி எடுக்கணும்னு சட்டம் வந்துச்சு, அபராதம் இல்லாம. அந்த ஜூலைல எத்தனை பேர் போடுறாங்கன்னு கணக்கெடுத்தப்ப நாட்டு சராசரி 13.5 சதவீதம், எஹிமேல மட்டும் 59.9. எட்டு வருஷமா பழகுன பழக்கம், அவ்ளோதான்.

அடுத்தது, வீட்ல இருக்குற அப்பாவோட பைக் ஹெல்மெட்டை போட்டுட்டு வரச் சொல்றது. தயவுசெஞ்சு வேணாம். அது ஒரு கிலோவுக்கு மேல இருக்கும், காது மூடிக்கும், காத்துக்கு வழி இருக்காது, நம்ம ஊர் வெயில்ல மிதிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு பத்து நிமிஷத்துல தலை சுத்தும். சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் முன்னூறு கிராம் சுத்திதான் வரும், ஓட்டை ஓட்டையா இருக்கும்.

நாங்க மொத்தமா ஒரே சைஸ்ல வாங்குனதும் தப்புதான். ஆறாங்கிளாஸ் பையனுக்கு அது கண்ணை மறைக்குது. பொண்ணுங்களுக்கு இன்னொரு கஷ்டம், ரெட்டை ஜடையை மடிச்சு காதுக்கு மேல ரிப்பன் கட்டிட்டு வந்தா ஹெல்மெட் உள்ளயே எறங்காது, தலை உச்சில கிண்ணம் மாதிரி நிக்கும். இத எங்க கூட்டத்துல பேசுன ஆம்பளைங்க யாரும் யோசிக்கவே இல்ல, ஒரு டீச்சரம்மாதான் சொன்னாங்க. இப்ப ஜடையை கீழ, கழுத்துகிட்ட கட்டிட்டு வரலாம்னு யூனிஃபார்ம் விதியையே மாத்திட்டோம். அதே மாதிரி, ஒருத்தர் ஹெல்மெட்டை இன்னொருத்தர் போட்டா பேன் தொத்தும்னு அம்மாக்கள் பயந்தாங்க, நியாயமான பயம், அதனால ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி குடுத்துட்டோம்.

குடுத்தா மட்டும் பத்தாது, போடவும் சொல்லிக்குடுக்கணும். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம்தான் இருக்கணும், நெத்தி பூரா தெரியுற மாதிரி பின்னாடி தள்ளி போட்டா முன்னாடி விழும்போது உதவாது. தாடைக்கு கீழ வார்ல ஒரு விரல் நுழையலாம், கை நுழையக்கூடாது.

கிளாஸ்ல வைக்க இடம் குடுக்காததும் எங்க தப்பு. ஹேண்டில்பார்ல மாட்டிட்டு போனா வெயில்ல காயும், மழைல நனையும், சாயங்காலம் சில சமயம் காணாம போயிடும். ஜன்னலோரமா ஒரு கட்டையில ஆணி அடிச்சு குடுத்தோம், பிரச்சினை முடிஞ்சுது.

அப்புறம், ஹெல்மெட் குடுத்தாச்சுன்னு ரோட்டை மறந்துடாதீங்க. லாரி வந்து இடிக்கிறத ஹெல்மெட் தடுக்காது. பள்ளி முன்னாடி வேகத்தடை, சைக்கிளுக்கு பின்னாடி ரிஃப்ளெக்டர், இதையும் அதே தீர்மானத்துல சேருங்க.

இன்னொண்ணு, பலமா அடிபட்ட ஹெல்மெட்டை திரும்ப போடக்கூடாது, உள்ள இருக்குற தெர்மாகோல் மாதிரி பொருள் ஒரு தடவ நசுங்குனா நசுங்குனதுதான், வெளிய பார்த்தா தெரியாது. திட்டுவாங்கன்னு பயந்து பிள்ளைங்க விழுந்ததையே மறைச்சுதுங்க. இப்ப வருஷத்துக்கு அஞ்சாறு எக்ஸ்ட்ரா வாங்கி ஹெச்எம் ரூம்ல வச்சிருக்கோம், பழசை குடுத்தா கேள்வி கேக்காம புதுசு. போன மாசம் ஒரு ஏழாங்கிளாஸ் பையன் முட்டி சிராய்ப்போட நேரா அங்கதான் வந்து நின்னான், கையில ஹெல்மெட்.