புக்கெரோ: உள்வரை கறுத்த மண் கிண்ணம் செய்யும் முறை

இத்தாலியில் எத்ருஸ்கர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் செய்யத் தொடங்கிய புக்கெரோ என்னும் கரும்பாண்டத்தின் மேல் வண்ணப்பூச்சு எதுவும் கிடையாது. உடைந்த ஓட்டின் உட்புறமும் கறுத்தே இருக்கும். வேகும்போது காற்றை மறித்தால், களிமண்ணிலுள்ள சிவந்த இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கறுக்கிறது. புகைக்கரியும் அதனுடன் சேர்கிறது.

சிவப்பாக வேகும் சாதாரணக் களிமண்ணில், உள்ளங்கை அளவில், சுவர் சீரான கனமுள்ள கிண்ணம் ஒன்றை வனைந்துகொள்ளுங்கள். நகம் பதிந்தாலும் சுவர் நெளியாத பதத்திற்கு அது காய்ந்ததும், கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள். பலரும் கரண்டியின் முதுகைப் பரிந்துரைப்பார்கள்; அது கோடு விழச் செய்வதால் எனக்குப் பிடிப்பதில்லை. பிறகு சீப்பின் பற்களை அழுத்தி, புக்கெரோவில் காணப்படும் விசிறி வடிவப் புள்ளி வரிசைகளைப் பதியுங்கள்.

நிழலில் ஒரு வாரம் உலர்த்தியபின், இரும்பு டப்பாவில் மரத்தூளை அழுத்தி நிரப்பி, நடுவில் கிண்ணத்தைப் புதைத்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி, புகை வெளியேற ஊசித் துளை ஒன்றை மட்டும் விடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத்தைத் தவிர்க்கவும். அதன் புகை நஞ்சு. திறந்தவெளியில் டப்பாவைச் சுற்றி விறகும் வறட்டியும் அடுக்கி, டப்பா செந்தணலாகும்வரை எரியுங்கள்.

நான் இரண்டு முறை தோற்றது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தீ அணைந்ததும் ஆவல் தாளாமல் மூடியைத் திறந்தேன். கரி போலிருந்த கிண்ணத்தின் விளிம்பு, கண் முன்னே பழுப்பாகிச் செம்மண் நிறத்திற்குத் திரும்பியது. சூடு இருக்கும்வரை காற்றுப் பட்டால் இரும்பு மீண்டும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், மேலேறிய கரியும் எரிந்துபோகும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆகவே தீ அணைந்ததும் துளையையும் களிமண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் காலை டப்பா கைக்குக் குளிர்ந்தபின் திறவுங்கள்.

பின்சேர்க்கை: கிண்ணம் வெடித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஈரம் மிச்சமிருக்கும்போது தீயை விரைந்து ஏற்றுவதே காரணம். முதல் ஒரு மணி நேரம் சிறு தணல் போதும்.

கடையில் விற்கும் கருங்களிமண் போதாதா என்றும் கேட்டிருந்தார்கள். அது 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வழி. இங்கிலாந்தில், எத்ருஸ்கர் நாட்டின் பெயரான எத்ரூரியா என்றே பெயரிட்டு 1769 ஜூன் 13 அன்று ஆலையைத் திறந்த அவர், தம் கறுப்பு பசால்ட் பாண்டங்களுக்கு இரும்பும் மாங்கனீசும் கலந்த மண்ணைப் பயன்படுத்தினார். முதல் நாள் வனைந்த கலசங்களில் "எத்ரூரியாவின் கலைகள் மீண்டும் பிறக்கின்றன" என்று இலத்தீனில் பொறிக்கச் செய்தார். ஆனால் அவற்றின் மேலுள்ள உருவங்கள் எத்ருஸ்கருடையவை அல்ல; இத்தாலியில் கிடைத்த கிரேக்கக் கலசங்களைப் பார்த்து வரைந்தவை. அந்த மண்ணில் செய்தால் மூடியை எப்போது திறந்தாலும் நிறம் மாறாது. எனினும் கற்றுக்கொள்பவர் ஒருமுறையேனும் புகையில் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டாவது கிண்ணத்தின் சிவந்த விளிம்பை நான் இன்னும் எறியவில்லை.