கொடை வாரத்தில் மேளமும் வில்லும்: விழாக் குழு கவனிக்க வேண்டியவை

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரிப் பக்கம் பங்குனி பிந்தினால் ஊர்த் தெய்வங்களுக்கு விழா எடுக்கும் கொடைக் காலம்தான். சித்திரையிலும் வைகாசியிலும் பள்ளிக்கூடம் அடைத்திருக்கும், வெளியூரில் பிழைக்கிறவர்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் ஒரு செவ்வாயில் பந்தற்கால் நடும் கால்நாட்டு, மறு செவ்வாயில் கொடை. சுடலைமாடன் கோயிலுக்கு வெள்ளி. இடைப்பட்ட அந்த ஒரு வாரமும் ஊரில் ஏதாவது ஒரு பாட்டோ மேளமோ நடந்துகொண்டே இருக்கும்.

இந்த வாரத்தின் நிகழ்ச்சி நிரலைப் பூசை நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். பல குழுக்கள் முதலில் மெல்லிசைக் குழுவுக்குத் தேதி வாங்கிவிட்டு, மிஞ்சிய இடத்தில் வில்லுப்பாட்டைச் செருகுகிறார்கள். விளைவு, இரவுப் பூசையான சாமக்கொடைக்கு அம்மன் அலங்காரம் முடிந்து திரை விலகும்போது அடுத்த மேடையில் சினிமாப் பாட்டு ஓடும். வில்லில் கதை பாதியில் நிற்கும், சாமியாடி நிதானம் இழந்து நிற்பார். கொடையில் மேளமும் வில்லும் பூசையின் ஒரு பகுதி. அவை இல்லாமல் சாமி இறங்காது என்பது ஊர் நம்பிக்கை. மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்தலாம்.

நடைமுறையில் இப்படிப் பிரித்தால் மோதாது. கால்நாட்டு அன்று காலை மேளம் மட்டும் போதும். புதன், வியாழன் மாலைகளை ஊர்ப் பெண்களின் கும்மிக்கும் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கும் விடுங்கள். வெள்ளி திருவிளக்கு பூசை. மெல்லிசை வேண்டுமென்றால் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு என்பதால் ஊர் முழுக்க இருக்கும், கொடைக்கும் இரண்டு நாள் இடைவெளி கிடைக்கும். ஞாயிறு பறை, சிலம்பம். திங்கள் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு, அன்றே வில் மேடை ஏற வேண்டும். செவ்வாய் காலை பால்குடம், உச்சியில் மதியக்கொடை, இரவு சாமக்கொடை. புதன் காலை முளைப்பாரி கரைப்பு, மஞ்சள் நீராட்டு.

குழு பிடிப்பது

சித்திரை, வைகாசி இரண்டும் சேர்ந்தால் எட்டு, ஒன்பது செவ்வாய்தான் வரும். அத்தனை அம்மன் கோயிலும் அந்தச் செவ்வாய்களையே கேட்கும். தையில் பேசி, மாசிக்குள் அச்சாரம் கொடுத்துவிட வேண்டும். பங்குனியில் போய் நின்றால், கேட்ட புலவர் (வில்லில் தலைமையாகப் பாடுகிறவர்) கிடைக்க மாட்டார். கிடைக்கிறவர் ஒரே இரவில் இரண்டு ஊர் ஒப்புக்கொண்டவராக இருப்பார்.

அச்சாரம் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை பேர், என்னென்ன கருவி, எத்தனை மணிக்கு ஊருக்கு வரவேண்டும், எத்தனை நேரத்துக்கு வாசிப்பு, வண்டிச் செலவு யாருடையது, மீதிப் பணம் எப்போது. நையாண்டி மேளம் என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தாளம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். “ஒரு செட் மேளம்” என்று மட்டும் பேசினால் ஒற்றை நாதஸ்வரம் வந்து நிற்கும். பால்குடம் ஊர் சுற்றி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் எடுத்து வாசிக்க ஆள் வேண்டும். வில்லிசைக் குழுவில் புலவர், உடுக்கை, குடம், கட்டை, ஜால்ரா, ஆர்மோனியம், பின்பாட்டு என்று ஆறிலிருந்து எட்டுப் பேர் வருவார்கள்.

புலவருக்குத் தனியாக ஒரு தாள் கொடுக்க வேண்டும். கோயிலில் எந்தெந்தப் பீடங்கள், எந்த வரிசையில் தீபாராதனை, யார் யார் சாமியாடி, எந்தக் கதை வேண்டும், மூன்று பூசைக்கும் நேரம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முத்தாரம்மன் கோயிலில் முத்தாரம்மன் கதை பாடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் கோயிலில் பக்கத்தில் நிற்கிற பேச்சியும் சுடலையும் யார் வழி வந்தவர்கள் என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும். வில்லுப்பாட்டு கடவுள் வாழ்த்தான காப்பு விருத்தத்தில் தொடங்கி, பாடப்போவது என்ன என்று சொல்லும் வருபொருள் உரைத்தல், குரு வணக்கம், நாட்டு வளம் என்று போய்த்தான் கதைக்குள் நுழையும். கதைக்கு முன்னால் இதற்கே அரை மணி நேரம் எடுக்கும். சாமக்கொடை பதினொரு மணிக்கு என்றால் எட்டரைக்கு வில் ஏறினால்தான், கதையில் தெய்வம் வெளிப்படும் இடமும் தீபாராதனையும் ஒன்று சேரும். தீபாராதனைக்குக் கால் மணி முன்னால் பூசாரியிடமிருந்து புலவருக்குச் சொல்லி அனுப்ப ஒரு பையனை நிறுத்துங்கள். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல்தான் பாதிக் கொடைகளில் தடுமாற்றம் வருகிறது.

அனுமதி

காவல் நிலையத்தில் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக மனு கொடுங்கள். நாள், நேரம், இடம், நிகழ்ச்சி வகை, ஊர்வலப் பாதை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பிற்பாடு வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் இதற்குள் வந்துவிட்டன. பண்டிகை நாட்களில் மாநில அரசு 10லிருந்து 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஆகவே சாமக்கொடை நேரத்தை மனுவில் தனியாகக் குறிப்பிட்டு, அந்த இரவுக்கு என்ன அனுமதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்கு மேல் நடத்திப் பழகிய ஊர்கள், வில்லை ஏழு மணிக்கே ஏற்றிப் பூசையை முன்னுக்கு இழுப்பது நல்லது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். கூம்புக் குழாய்க்கு அனுமதி எதிர்பார்க்க வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர்தான்.

குடியிருப்புப் பகுதிக்கு விதித்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்து கூடலாம், அவ்வளவுதான். ஆள் உயர பாஸ் பெட்டி நான்கை அடுக்கினால் முதல் பாட்டிலேயே இது தாண்டிவிடும்.

மைக் செட்

குழுக்கள் அதிகம் செலவழிப்பதும் அதிகம் கோட்டைவிடுவதும் இங்கேதான். பெட்டியின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதிலாக, மைக் வைக்கும் இடத்தில் கவனம் வையுங்கள்.

வில்லுப்பாட்டில் சொல் கேட்க வேண்டும், அதுதான் முதல் கணக்கு. புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, ஆக ஐந்து மைக் போதும். வில்லுக்கு மைக் வைக்காதீர்கள். வில்லை அடிக்கும் வீசுகோல் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் எழுப்பும் ஓசை புலவரின் மைக்கிலேயே வேண்டிய அளவு ஏறிவிடும். தனி மைக் வைத்தால் அந்தக் கூர்மையான சத்தம் பாட்டின் எழுத்துக்களை மூடிவிடும். குடத்தின் வாய்க்குள் மைக்கை நீட்டினால் ஒவ்வொரு அடிக்கும் ‘பும்’ என்று வீங்கிக் கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்வாக வையுங்கள். மேடை பலகையாக இருந்தால் குடத்தின் அதிர்வு பலகை வழியாக எல்லா மைக்குக்கும் ஏறும். குடம் வைக்கோல் பிரிமணையில் இருக்க வேண்டும், அதன் கீழே மடித்த ஜமுக்காளம் வேண்டும். மேடை 12 அடிக்கு 10 அடி, இரண்டடி உயரம், சந்நிதியைப் பார்த்தபடி.

மைக் கத்துகிறது என்றால் பெரும்பாலும் பெட்டி மைக்குக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டிகள் மேடை விளிம்புக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படியும் கத்தினால் மொத்தச் சத்தத்தைக் குறைப்பதற்கு முன், பாடாமல் இருக்கிறவரின் மைக்கை இறக்கிப் பாருங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் கத்தலுக்கு வழி.

தெருவெல்லாம் பெட்டி கட்டும் வழக்கம் வில்லுப்பாட்டைக் கெடுக்கிறது. கோடை இரவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு பெட்டி இருந்தால், அங்கே நிற்பவருக்கு அந்தப் பெட்டியின் சொல் முதலில் விழும், மேடையின் சொல் 0.29 நொடி கழித்து வரும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும், கதை விளங்காது. டிஜிட்டல் மிக்ஸர் இருந்தால் அந்தத் தெருப் பெட்டிக்கு 290 மில்லிநொடி தாமதம் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வில் நடக்கும்போது தெருப் பெட்டிகளை அணைத்துவிடுங்கள். கதை கேட்க விரும்புகிறவர்கள் பந்தலுக்கு வருவார்கள்.

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கோயில் வளாகத்தில் மைக்கே தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் நாதஸ்வரத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேரே நீட்டாமல், ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் ஒன்று. அவர்கள் உட்காரும் இடத்தில் சுருதிப் பெட்டிக்கு ஒரு பிளக் இருக்கட்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசியில் வயரைத் தேடி ஓடுகிறார்கள்.

வெயிலும் கருவியும்

நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளி நாணலில் செய்தது. ஈரம் இருந்தால்தான் பேசும். சித்திரை வெயிலில் ஊர்வலத்தின் நடுவே காய்ந்து, சுருதி ஏறி, கீச்சென்று பிசிறும். மேளக்காரர்களோடு தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொண்டு ஓர் ஆள் நடக்க வேண்டும். மதியக்கொடையில் அவர்களுக்குக் கட்டாயம் நிழல் வேண்டும். சாமிக்குப் பந்தல், மேளத்துக்கு வெயில் என்ற ஏற்பாடு எந்த ஊருக்கும் அழகில்லை.

பறை, கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்னும் தோல்கருவி ஆகியவற்றின் தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். கடற்கரையோர ஊர்களில் இரவுக் காற்றின் ஈரத்தில் தோல் தளர்வதால் ஒரே இரவில் பலமுறை காய்ச்ச வேண்டிவரும். காய்ந்த வைக்கோலோ பனையோலையோ ஒரு கட்டு தயாராக இருக்கட்டும். தீ மூட்டும் இடம் கீற்றுப் பந்தலிலிருந்து குறைந்தது 15 மீட்டர், காற்று பந்தலை நோக்கி அடிக்காத பக்கம், அருகே இரண்டு வாளித் தண்ணீர். வேட்டுப் போடும் இடம் இதைவிடத் தள்ளி.

கரகாட்டத்துக்கு 20 அடிச் சதுரம் வேண்டும். சிமெண்ட் தரை மாலை ஆறு மணிக்கும் காலைச் சுடும். நான்கு மணிக்கே தண்ணீர் ஊற்றி, ஆட்டம் தொடங்குமுன் ஈரம் காயவிடுங்கள், ஈரத்தரையில் வழுக்கும். ஆடும் பெண்களுக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிப்பறையும் கொடுங்கள். சட்டையில் ரூபாய் நோட்டு குத்துவதை அனுமதிக்கக் கூடாது. அன்பளிப்பு குழுத் தலைவர் கையில்தான் என்று ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள். குடித்துவிட்டு உள்ளே வருகிறவரை வெளியேற்ற, ஊரில் பேச்சு செல்லுபடியாகிற நான்கு பேரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

மின்சாரம்

கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். மைக் செட்டுக்கும் விளக்குக்கும் வேறு வேறு லைன் வேண்டும். ஒரே லைனில் சீரியல் செட்டையும் மிக்ஸரையும் போட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும். 50 மீட்டர் தூரத்துக்கு 16 ஆம்பியர் இழுக்கும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 14 வோல்ட் வரை இறங்கும், 4 சதுர மில்லிமீட்டரில் 9 வோல்ட்தான். ஏற்கெனவே மாலையில் மின்னழுத்தம் குறையும் ஊரில் இந்த வேறுபாடு ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிடும். 10 கேவிஏ ஜெனரேட்டர் 8 கிலோவாட் தரும் என்றாலும் 6 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு லைனிலும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேண்டும். மஞ்சள் தண்ணீரும் பால்குடமும் சிந்துகிற தரையில் வயர் ஜாயிண்ட் ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

சப்பரம் உண்டென்றால், சீரியல் செட்டும் குடையும் சேர்த்து உச்சியிலிருந்து தரை வரை அளந்து எழுதி, பாதையில் குறுக்கே போகும் ஒவ்வொரு கம்பியையும் மின்வாரிய ஊழியரோடு நடந்து பாருங்கள். சப்பரம் நகரும் நேரத்தில் அந்தப் பாதையின் மின்சாரத்தை நிறுத்த எழுதிக் கொடுங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

கோடை மழை மாலையில் இடியோடுதான் வரும். மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் மூடத் தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடி கேட்டதும் மெயினை இறக்கிவிட்டுக் கூட்டத்தைத் தகரக் கொட்டகைக்கோ மரத்தடிக்கோ அனுப்பாமல், கான்கிரீட் கட்டடத்துக்கு அனுப்புங்கள்.

சாப்பாடு, தண்ணீர், பணம்

500 பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 500 லிட்டர் குடிதண்ணீர் கணக்கு வையுங்கள். நீர்மோரும் பானக்கரமும் அதற்கு மேல். மேடையிலிருந்து சாலை வரை ஆறடி அகல வழி காலியாக இருக்க வேண்டும், 108 வண்டியின் ஸ்ட்ரெச்சர் வர. பாடுகிறவர்களுக்கு வில் ஏறுவதற்கு ஒரு மணி முன் இட்லி போல எளிதானது, மேடையில் சுக்குத் தண்ணீர். ஐஸ் போட்ட சர்பத் கொடுத்துத் தொண்டையைக் கட்டிவிடாதீர்கள். இரவு முடிந்து இறங்கும்போது சுடுசோறு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியில் கடை இருக்காது.

மீதிப் பணத்தை மேடையிலிருந்து இறங்கிய உடனே, எண்ணிய உறையில், குழுத் தலைவர் கையில் கொடுங்கள். “வரி இன்னும் வசூலாகவில்லை, வெள்ளிக்கிழமை வாங்கிக்கலாம்” என்று அனுப்பினால் அடுத்த வருடம் அந்தக் குழு வராது, அவர்கள் சொல்லி மற்றவர்களும் வரமாட்டார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி தாமதமாகும் என்று தெரிந்தால், கலைஞர் பணத்தைக் கால்நாட்டுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். புதன் காலை மேளக்காரர்கள் வண்டி ஏறுமுன் அடுத்த வருடக் கொடைக்கு உத்தேசத் தேதியைச் சொல்லி, வெற்றிலை பாக்கோடு ஒரு நூறு ரூபாய் அச்சாரம் வைத்துவிட்டால், தையில் அலைய வேண்டியதில்லை.